கோபித்துக்கொண்டு போக ஒரு கதிரை

போன சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு வாகனம் என் கால் விரலின் மேல் ஏறிவிட்டது.

பஸ் இல்லை. கார் இல்லை. குழந்தை வைத்துத் தள்ளும் பிராம்கூட இல்லை. ஓர் எலக்ட்ரிக் வீல்செயர். அதை ஓட்டிவந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்த சிற்றம்பலம் அண்ணை. என்னைக் கண்டார். என் காலைக் கண்டார். என் முகம் போன போக்கையும் கண்டார். ஒரு ஹலோ இல்லை, ஒரு ஸொறி இல்லை. நாடியை உயர்த்திக்கொண்டு நகைக்கடை, சாரிக்கடை, வீடியோக்கடை எல்லாவற்றையும் கடந்து போய்விட்டார்.

நான் மரக்கறிக் கடை வாசலில், வெண்டிக்காய்ப் பெட்டியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றேன். பின்னாலேயே அவருடைய மனைவி பூமணி அக்கா வந்தார். இரண்டு கையிலும் கறிச்சாமான் பைகள். கணவர் கண்ணுக்கு மறைந்துவிட்டார், ஆனால் அக்காவின் நடையில் எந்த அவசரமும் இல்லை.

"குறை நினையாதை பிள்ளை," என்றார். "அவர் கோவிச்சுக்கொண்டு போறார்."

சொன்னது பெரிய விஷயமில்லை. சொன்ன விதம்தான் விஷயம். நம்முடைய அம்மாமார் "மகனுக்கு மெடிசின் படிக்க இடம் கிடைச்சிட்டுது" என்று சொல்வார்களே... அதே குரல்.

கணவன் கோபித்துக்கொண்டு போவதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். விரலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிற்றம்பலம் அண்ணை ஊரில் ஒரு சிமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையைவிட முக்கியம் அவருக்குத் தொழிற்சங்கம். அவரிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்றுதான் — வெளிநடப்பு. பேச்சுவார்த்தையில் பிடிக்காத ஒரு வசனம் வந்தால் போதும். சால்வையை உதறித் தோளில் போடுவார், எழுந்து போய்விடுவார். நிர்வாகம் பின்னால் ஓடிவரும்.

வந்த பழக்கம் தொழிற்சாலைக் கேற்றோடு நிற்குமா? கோயில் கூட்டத்தில் வெளிநடப்பு. மச்சான் வீட்டுப் பந்தியில் வெளிநடப்பு. தன்னுடைய கலியாணத்திலேயே, மாப்பிள்ளைத் தோழன் சொன்ன ஏதோ ஒரு பகிடிக்காகப் பந்தலை விட்டுப் போய், தாலி கட்ட நேரமாகிறது என்று ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்களாம். பூமணி அக்காதான் சொன்னார். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் இன்னும் கோபிப்பார்.

பிறகு சண்டை, இடப்பெயர்வு, லண்டன். லண்டனுக்கு வந்து சில வருஷங்களில் சலரோகம் என்கிற சர்க்கரை வியாதி அண்ணையின் வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டது. இடது காலை நம்ப முடியாது. தோளிலும் பெலன் இல்லை, அதனால் ஆஸ்பத்திரி கொடுத்த சாதாரணத் தள்ளுகதிரையைத் தானே உருட்டவும் முடியாது. அக்கா தள்ளினால் போவார். அக்கா நிறுத்தினால் நிற்பார்.

நாலு வருஷம் அப்படித்தான் போனது. பிறந்தநாள் வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் தன் மகனுடைய வேலை, மகனுடைய வீடு, அந்த வீடு இப்போது என்ன விலை போகும் என்று அறுத்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பாட்டுப் பக்கம் நழுவிவிடுவார்கள். கடைசியில் அண்ணை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். 'மனுசன் எவ்வளவு சாந்தமாகிவிட்டார்' என்று ஈஸ்ட் ஹாமே பாராட்டியது.

இங்கேதான் ஒரு பொருளாதார நிபுணர் கதைக்குள் வருகிறார்.

பட்ஜெட் நாளில் டிவியில் வந்து பயங்காட்டுவதுதான் பொருளாதார நிபுணர்களின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற கருவிகள் போட்ட காசுக்குப் பெறுமதியா என்று பார்ப்பதற்கும் இந்த நாட்டில் ஆள் வைத்திருக்கிறார்கள். நான் வாரத்தில் சில நாள் மொழிபெயர்ப்பாளர் வேலை செய்வது வாசகர்களுக்குத் தெரியும். என்னை அழைத்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், அடுத்த தடவையும் அவர்கள் கூப்பிட வேண்டும். சிலருக்கு எலக்ட்ரிக் வீல்செயரை மூன்று மாதத்துக்கு இரவலாகக் கொடுப்பார்கள். முதலில் ஒரு தடவை வந்து கேள்வி கேட்பார்கள், மூன்று மாதம் கழித்து வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். வாழ்க்கை நல்லாகியிருந்தால் கதிரை அவருக்கே. இல்லாவிட்டால் கதிரை திரும்பிப் போகும்.

நியாயம்தானே? இல்ஃபோர்ட்டில் ஒரு பிரஷர் குக்கர் வாங்குவதற்கே நாம் மூன்று கடை ஏறி இறங்குகிறோம். இந்தக் கதிரையின் விலைக்கு ஓடக்கூடிய ஒரு பழைய கார் வாங்கலாம்.

அண்ணை வீட்டுக்குக் கேள்வி கேட்க வந்த நிபுணரின் பெயர் ஹெலன். இளம் பெண், நல்ல பிள்ளை. வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டதும், ஒருவரும் சொல்லாமலே தன் பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்தார். ஸ்டொக்கிங்ஸில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை. எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

பூமணி அக்காவுக்கு அரசாங்கத்தில் இருந்து ஆள் வருவதென்றால், பெண் பார்க்க வருகிற மாதிரி. விடியவே அண்ணைக்குச் சவரம், கோட், டை. இல்லாத கால் தெரியாதபடி மடியில் பட்டுக்கரைப் போர்வை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கொமோட் பின்வளவுக் கொட்டிலுக்குள் போய்விட்டது. மேசையில் வடை, பற்றிஸ், கேக், இஞ்சி போட்ட தேநீர்.

குளிக்கக் கஷ்டமா என்று ஹெலன் கேட்டார். ஒரு கரைச்சலும் இல்லை என்றார் அக்கா. உடுப்புப் போட? பார்க்கத் தெரியவில்லையா, டை கட்டியிருக்கிறாரே. வெளியே போக? எல்லா இடமும் போவோம். கதிரை வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லுங்கோ என்று தமிழில் மெல்லச் சொன்னேன்.

"வீட்டுக்கு வந்த மனிசியிட்டை மூக்கால அழுறதோ?" என்றார் அக்கா, சிரித்த முகம் மாறாமல்.

கடைசியாக ஹெலன் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றர் போல ஒரு படம். அடியில் பூச்சியம், உச்சியில் நூறு. நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான நிலை பூச்சியம், மிக நல்ல நிலை நூறு. இன்றைக்கு நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்கலாமா? கேட்கிறவர்களுக்கு எங்களைத் தெரியாது. அண்ணை கொஞ்சம் யோசித்து, முப்பது என்றார். அக்காவின் முகம் கறுத்தது.

"முப்பதெண்டால் பெயிலெல்லோ?"

பேரம் நடந்தது. ஐம்பதில் நின்று, எழுபத்தைந்தில் இழுபட்டு, தொண்ணூற்றைந்தில் முடிந்தது. அந்த ஐந்து மார்க் காலுக்குக் கழித்ததாம். நான் மொழிபெயர்ப்பாளர், சொன்னதைச் சொல்லவேண்டும். சொன்னேன். ஹெலன் ஒரு தடவை அண்ணையின் போர்வையைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். டாக்டரின் சிபாரிசு பலமாக இருந்தபடியால் கதிரை எப்படியோ வந்து சேர்ந்தது.

புது வாகனம் வந்தால் நாம் என்ன செய்வோம்? சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, ஒன்றாகத் தேசிக்காய் வைத்து நசித்து, ஜோய்ஸ்டிக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார் பூமணி அக்கா. கதிரையைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர், தேசிக்காய்ச் சாறு டயருக்கு நல்லதா என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். மிகவும் நல்லது என்று சொல்லி அனுப்பினேன். சீற்றில் போட்டு வந்த பொலித்தீன் உறையை அக்கா கழற்றவிடவில்லை. இரவல் சாமான், ஊத்தை படக்கூடாது.

மூன்று மாதம் கழித்து ஹெலன் மறுபடி வந்தார். திரும்பவும் கோட், டை, வடை. பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு வந்தவர், முதலில் கதிரையைச் சுற்றி நடந்தார். குனிந்து சில்லைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. டயரின் வெட்டுக்குள் ஒரு துளி மண் இல்லை. சீற்றில் பொலித்தீன் உறை அப்படியே. ஹெலனின் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அதே கேள்விகள். அதே 'ஒரு கரைச்சலும் இல்லை'. பிறகு அந்த தேர்மோமீற்றர் அட்டை.

அண்ணை இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. நூறு என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் வருஷக்கணக்காகக் கண்டதில்லை. அக்கா பதறிப்போய் அவருடைய கையைப் பிடித்தார்.

"நூறு எண்டு சொல்லாதேங்கோ. நாவூறு பட்டுப்போகும். தொண்ணூறு போதும்."

அண்ணைக்கும் அது சரியாகப் பட்டது. ஏற்கனவே ஒரு கால் போன மனிதர், மற்றக் காலை வைத்துச் சூதாடுவாரா? தொண்ணூறு என்று நான் மொழிபெயர்த்தேன்.

ஹெலன் பழைய தாளை எடுத்துப் புதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். கதிரை வர முன்பு தொண்ணூற்றைந்து. கதிரை வந்த பின்பு தொண்ணூறு. அதாவது, இவ்வளவு காசைக் கொட்டி அந்த மனிதரை ஐந்து மார்க் கீழே இறக்கியிருக்கிறார்கள்!

அவர் மிகவும் பண்பாகத்தான் சொன்னார். கதிரை பாவிக்கப்பட்டதாகத் தெரியவில்லை, வாழ்க்கையிலும் முன்னேற்றம் இல்லை, காத்திருக்கிறவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள், அதனால் இதைத் திருப்பி எடுக்கும்படிதான் தான் எழுதவேண்டியிருக்கும் என்றார். மன்னிப்பும் கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிக்கும்போது அண்ணையின் கை ஜோய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைப் பறிகொடுக்கப் போகும்போது பிடிப்பார்களே, அந்தப் பிடி.

"நீர்தானே தொண்ணூறு எண்டு சொல்லச் சொன்னனீர்?" அண்ணை மனைவியிடம் கேட்டார். குரல் தாழ்வாகத்தான் இருந்தது.

"நான் சொன்னா? உங்களுக்கு வாய் இல்லையோ? யூனியனில கத்தின வாய் எங்கை போச்சு?"

அதற்குப் பிறகு எல்லாம் கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடந்து முடிந்தது. கதிரை பின்னுக்குப் போனது. வடைத் தட்டு வைத்திருந்த ஸ்டூலை இடித்தது. ஒரு லொறிக்காரரின் லாவகத்தோடு அண்ணை அதைத் திருப்பினார். ஹோலைத் தாண்டி, ஹெலனின் ஒற்றைப் பூட்ஸின் மேல் ஏறி இறங்கி, வாசலுக்கு வெளியே போய்விட்டார். போனவர் கதவை அறைந்து சாத்தியும் விட்டார். எப்படி என்கிறீர்களா? கதவுக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. இதற்கென்றே கட்டி, இதற்கென்றே பழகியிருக்கிறார்.

ஹெலன் எழுந்து நின்றுவிட்டார். எங்கே போகிறார், நாங்கள் பின்னால் போகவேண்டாமா, ரோட்டில் தனியாகப் போவாரா என்று ஒரே மூச்சில் கேட்டார். பூமணி அக்கா நிலத்தில் கிடந்த வடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோபம் தீர வருவார், ஒவ்வொரு நாளும் போகிறவர்தானே என்றார்.

ஒவ்வொரு நாளுமா? இந்தக் கதிரையிலா? ஹெலன் நம்பவில்லை.

அக்கா வடைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். விருந்தாளிக்காகப் போட்டிருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. ஹெலனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கால் போனாப் பிறகு நான் அவரோட சண்டையே பிடிக்கேல்லை, பிள்ளை. எழும்பிப் போக ஏலாத மனிசனோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது? நான் என்ன சொன்னாலும் அவர் இருந்து கேக்கத்தானே வேணும். அது பாவமெல்லோ. அதால வாயை மூடிக்கொண்டன். நாலு வருசம் இந்த வீட்டில ஒரு சத்தமில்லை. ஆஸ்பத்திரி மாதிரி."

தட்டில் இருந்த வடைகளை ஒழுங்காக அடுக்கினார்.

"கதிரை வந்து ரெண்டாம் நாள், புட்டு ஈரமாப் போச்செண்டு சண்டை. நானும் விடேல்லை. அவர் கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போனார். நான் குசினியில நிண்டு அழுதன். சந்தோசத்தில."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் பேனாவை மூடி வைத்தார். தாள்களைப் புரட்டிப் பார்த்தார். குளிப்பதற்குக் கேள்வி இருந்தது, உடுப்பதற்கு இருந்தது, சாப்பிடுவதற்கு இருந்தது. கோபித்துக்கொண்டு போவதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

எல்லாம் சரி, அந்தச் சில்லு? ஒவ்வொரு நாளும் ரோட்டில் ஓடுகிற சில்லு எப்படிப் புதுசாக இருக்கும்? ஹெலன் கேட்க வாயெடுக்கவும் வாசலில் மோட்டர் இரையும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து, ஹோல் மூலையில் இருந்த வாளியையும் பழைய சேலைத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனார். நாங்களும் பின்னால் போனோம்.

வாசலில் அண்ணை. சில்லு நிறைய நனைந்த இலையும் சேறும். அக்கா பழைய பேப்பரை விரித்து, ஒவ்வொரு சில்லாகக் கழுவித் துடைக்க, அண்ணை கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரையை முன்னுக்கு எடுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சில்லு உருள்வதும் துணி துடைப்பதும் அவ்வளவு ஒத்துப்போனது. தினமும் செய்கிற வேலை என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"ரோட்டில ஓடின சில்லோட வீட்டுக்குள்ள வாறதோ?" என்றார் அக்கா எங்களைப் பார்த்து. "செருப்போட வாற மாதிரியெல்லோ."

நான் மொழிபெயர்த்தேன். ஹெலன் தன்னுடைய பூட்ஸ் இல்லாத காலைப் பார்த்தார். பிறகு சில்லைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காதது போல, தேத்தண்ணி ஆறிப்போச்சோ என்று கேட்டார்.

அன்றைக்கு எல்லாக் கேள்விகளும் முதலில் இருந்து கேட்கப்பட்டன. கேட்பதற்கு முன் பூமணி அக்காவைப் புதுத் தேநீர் போடும்படி மிகவும் மரியாதையாகக் குசினிக்கு அனுப்பிவிட்டார் ஹெலன். கெட்டிக்காரி. அண்ணை மெல்ல மெல்ல உண்மையைச் சொன்னார். கதிரைக்கு முன்பு முப்பது. இப்போது அறுபது. கதவில் கட்டிய கயிற்றையும் சேர்த்தால் அறுபத்தைந்து.

சில வாரம் கழித்து ஹெலன் எனக்குப் போன் செய்தார். கதிரை அண்ணைக்கே. இன்னொரு செய்தியும் சொன்னார். கேள்வித்தாளில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்களாம். 'விரும்பிய நேரத்தில் ஓர் அறையை விட்டு வெளியேற உங்களால் முடிகிறதா?' வெள்ளைக்காரரின் மரியாதையைப் பாருங்கள். தமிழில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். 'கோபம் வந்தால் எழும்பிப் போக ஏலுமா?' என்று எழுதிக் கொடுத்தேன்.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். நசிந்த விரலோடு நொண்டிய என்னைப் பூமணி அக்கா கைபிடித்து எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிப்போய் உட்கார்த்தினார். தேநீர் வந்தது. இன்றைக்கு எதற்காகக் கோபம் என்று கேட்டேன். முருங்கைக்காய் விலையில் தொடங்கி எங்கேயோ போய் முடிந்ததாம், அவருக்கும் சரியாக ஞாபகமில்லை.

சும்மா ஒரு விளையாட்டுக்கு, புதுக் கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்த்தேன். கோபம் வந்தால் எழும்பிப் போக ஏலுமா, அக்கா?

அவர் விளையாட்டாக எடுக்கவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே யோசித்தார்.

"முந்தி ஏலாது. அவரை ஆரிட்டை விட்டிட்டுப் போறது? அவர் இருந்த இடத்திலதான் நானும் இருந்தனான்."

இரண்டு காலும் உள்ள அக்காவைப் பற்றி அந்த அட்டையும் கேட்கவில்லை, ஹெலனும் கேட்கவில்லை, அவர் வீட்டில் இத்தனை வடை சாப்பிட்ட நானும் கேட்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகச் சுவர் மணிக்கூட்டைக் காட்டினேன். அண்ணை இதற்குள் வீட்டுக்குப் போயிருப்பாரே, சில்லை யார் கழுவுவது?

"ஒருத்தருமில்லை. வாசலில நிப்பார். கழுவாமல் உள்ளுக்குப் போகமாட்டார், அவ்வளவு பழக்கிப்போட்டன்." அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். "நல்ல வெயில்தானே. நிக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பைகளை மேசைக்குக் கீழே தள்ளினார். முதுகைக் கதிரையில் சாய்த்தார். கடைக்காரத் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு தேத்தண்ணியும் இரண்டு மரக்கறி ரோலும் கொண்டுவரச் சொன்னார்.

ஹெலனுக்கு ஒரு வேண்டுகோள் — என் கால் விரலைச் செலவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த இரண்டாவது தேத்தண்ணியை வரவுப் பக்கத்தில் எழுத மறந்துவிடாதீர்கள்.